வானம் தந்ததா? வாசல் தந்ததா?

மூன்று வயதுப் பிள்ளை கரித்துண்டை எடுத்துச் சுவரிலே யானை ஒன்றைத் தீட்டிவிடுகிறது. கண்ட பெரியவர்கள் வியந்து நிற்கின்றனர். "பிறவிப் பேறு!" என்கிறார் ஒருவர். "முற்பிறவியின் தொடர்ச்சி!" என்கிறார் மற்றொருவர். "குலத்தின் வித்து, வேறென்ன?" என்று முடிக்கிறார் மூன்றாமவர். மூவரும் பேசி முடித்தபின் நடப்பது என்ன? சுவருக்கு வெள்ளை, பிள்ளைக்கு அடி! வானம் தந்த வரம் என்று வாழ்த்திய வாயே, வீட்டைக் கெடுத்தாய் என்று வசை பாடுகிறது.

இளங்குழந்தையின் கலையூக்கம் எங்கிருந்து பிறக்கிறது? வீண்பொழுது போக்க எழுப்பும் வினா அன்று இது. வானத்திலிருந்து என்றால் நமக்கு வேலை இல்லை. வந்த பிள்ளைக்கு வந்தது, வாராத பிள்ளைக்கு வாராது என்று கைகட்டி இருந்துவிடலாம். வாசலிலிருந்து, தெருவிலிருந்து, தாயின் கதையிலிருந்து என்றால், நம் தலைமீது பெரும் பொறுப்பு வந்து விழுகிறது. ஆகவே, விடையைச் சான்றுகளிடமே கேட்போம்.

கொச்சியிலே 1976-இல் பிறந்து, 1983-இல், ஏழாம் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் முன்னே, சிறுநீரக நோயால் மறைந்தான் எட்மண்ட் தாமஸ் கிளின்ட். அவன் வாழ்ந்தவை 2,522 நாள்கள். தீட்டியவையோ 25,000-க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அவன் வாழ்வை 2017-இல் மலையாளத் திரைப்படமாகவும் எடுத்தனர். 'தெய்வக் குழந்தை' என்று சொல்லிக் கைகூப்பிவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். நாமோ படங்களைப் பார்க்கச் சொல்கிறோம். அங்கே இருப்பவை எவை? கோயில் திருவிழா, தெய்யம், ஊர்ப்புறம், அந்திக் கதிரவன். கேரள மண்ணிலே கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையுமே அவை. தரையிலும் சுவரிலும் கோடிழுத்த கையைப் பெற்றோர் தட்டிவிடவில்லை. தீட்டியவற்றைக் குப்பையென்று எறியவுமில்லை. பேணி வைத்ததால்தான் இன்று நாம் அவனைப் பற்றிப் பேசுகிறோம்.

இனி, சீன நாட்டுக்குச் செல்வோம். குவாங்சிப் பகுதியின் கோங்செங் ஊரிலே 1975-இல் பிறந்த வாங் யானி என்னும் சிறுமி, இரண்டரை வயதில் தூரிகை பிடித்தாள். ஆறு வயதுக்குள் ஏறத்தாழ 4,000 படங்கள் தீட்டினாள். 1989-இல் வாஷிங்டனிலுள்ள சாக்லர் கலைக்கூடம் அவள் படங்களைத் தனிக்காட்சியாக வைத்தது. அவள் முதலில் அள்ளி அள்ளித் தீட்டியவை குரங்குகள். குரங்கு எங்கிருந்து வந்தது? கனவிலிருந்தா? அன்று! விலங்குக் காட்சிச் சாலையிலே குரங்கைக் கண்டாள். பிறகு வீட்டிலும் ஒரு குரங்கு வளர்ந்தது. தந்தை ஓவியர். தம் பாணி மகளின் கையில் ஏறிவிடக் கூடாதென்று தாம் தீட்டுவதையே நிறுத்தினார் அவர்.

இரு குழந்தைகளையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஊக்கம் வானத்திலிருந்து பொழிவதானால், கொச்சிப் பிள்ளையின் தாளில் தெய்யமும், கோங்செங் பிள்ளையின் தாளில் மையோடிய குரங்கும் ஏன் விழ வேண்டும்? வானம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே! வேறுபட்டது வாசல், வேறுபட்டவை கண்ட காட்சியும் கையில் கிடைத்த கருவியும். ஒன்றாக இருந்தது ஒன்றே: கண்டதைத் தீட்ட இசைவளித்த பெற்றோர்.

"அதே திருவிழாவை ஆயிரம் பிள்ளைகள் கண்டனரே, கிளின்ட் ஒருவன்தானே தோன்றினான்?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆற்றலிலே ஏற்றத்தாழ்வு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்த ஆயிரவருள் எத்தனை பேருக்குத் தாள் கிடைத்தது? எத்தனை பேரின் கிறுக்கலை ஒருவராவது உற்று நோக்கினார்? அதை எண்ணிப் பாராமல் 'பிறவியிலேயே இல்லை' என்று தீர்ப்பெழுத எவருக்கும் உரிமை இல்லை என்பதே நம் வாதம்.

மறுபுறம், 'குழந்தையைத் தொடாதே, எல்லாம் உள்ளிருந்தே ஊறும்' என்பாரும் உளர். வியன்னாவிலே 1897-இல் சிறுவர் கலை வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், பெரியவர் நிழல் படாத கலையைப் போற்றினார். பிள்ளையின் படத்தையும் கலையென்று மதிக்க உலகுக்குக் கற்பித்த பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், அவ்வகுப்பின் படங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்ததைத் திறனாய்வாளர் சுட்டிக்காட்டினர். நிழல் படவே செய்தது! 1977-இல் அமெரிக்காவின் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இருவரும், இளையோரின் படங்களுள் பெரும்பாலானவை அவர்கள் முன்பே பார்த்த படங்களிலிருந்து கிளைத்தவை என்று எழுதினர். பிள்ளை உலகைப் பார்த்தும் தீட்டுகிறது. படத்தைப் பார்த்தும் தீட்டுகிறது. எந்தப் படத்தை அதன்முன் வைக்கிறோம் என்பதே கேள்வி.

பள்ளியிலே பணியாற்றும் நாம் அடிக்கடி காணும் படம் ஒன்று உண்டு. இரண்டு மலைகள், நடுவிலே சிரிக்கும் கதிரவன், கீழே வளைந்தோடும் ஆறு, கரையிலே ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நான்கு பறவைகள். நாகைக் கடற்கரைப் பிள்ளையும் இதையே வரைகிறது. தஞ்சை வயல்வெளிப் பிள்ளையும் இதையே வரைகிறது. நாகையிலே மலை ஏது? அப்பனின் கட்டுமரம் எங்கே? வலையுலர்த்தும் மணல் எங்கே? மீன்கூடை சுமக்கும் தாய் எங்கே? அவையெல்லாம் 'படம்' ஆகா என்று பிள்ளை எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டது. கரும்பலகையிலே வரைந்து காட்டியதைப் பார்த்து வரை என்றோம். மாறினால் மதிப்பெண் குறைத்தோம். பிள்ளையும் தன் வாசலை விட்டு, இல்லாத மலைக்கு ஏறிப்போய்விட்டது.

இங்கே இழப்பு ஓவியத்தோடு நிற்பதில்லை. தன் தெருவும் தன் தாயின் உழைப்பும் தாளில் ஏறத் தகுதியற்றவை என்று ஐந்து வயதில் நம்பிய பிள்ளை, ஐம்பது வயதிலும் தன்னைத் தாழ்வாகவே எண்ணும். தன்மதிப்பின் முதற்பாடம் வரைதாளிலேயே தொடங்குகிறது.

ஆகவே, நாம் கோருவது அருளையன்று. பிள்ளைக்குத் தாள் தருக, வண்ணம் தருக, கிழிந்தால் மீண்டும் தருக. பார்த்து வரை என்று பலகையைக் காட்டாமல், "இன்று வரும் வழியில் எதைக் கண்டாய்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கோடு கோணலாகும், ஆளைவிட மீன் பெரிதாகும். ஆகட்டும்! வலை இழுத்தவன் மகனுக்கு மீன் பெரிதுதானே?