திரையிலிருந்து சுவருக்கு

முகம் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஒருவர் படத்தை மற்றவர் இணையத்தில் பாராட்டிக்கொண்டிருந்த ஒளிப்பட ஆர்வலர்கள், ஒருநாள் தங்கள் படங்களை அச்சிட்டு ஒரே கூடத்தில் மாட்டுகிறார்கள். அங்கே முதலில் திகைப்பவர் பெரும்பாலும் படமெடுத்தவர்தான். திரையில் ஒளிர்ந்த படம் சுவரில் மங்கித் தெரிகிறது. திரையில் கண்ணுக்குப் படாத நடுக்கம் அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

கூடிப் படம் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்ட்டரின் முயற்சியால் சென்னையில் ஒளிப்படச் சங்கம் 1857இல் தோன்றியது. இணையக் காலத்தில், ஃபிளிக்கர் தளத்தில் சேர்ந்து வார இறுதிகளில் கூட்டமாக நடந்து படமெடுத்த சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் வந்தன. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட இருபதாண்டு விழா அன்று, ஈராண்டு விழாவே! அவ்விழா 2019இல் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகைக்குள்ளேயே படங்களைக் கொண்டுபோய் வைத்தது. நல்ல காரியம். ஏன் நல்லது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம்.

உங்கள் கருவி 6000 × 4000 புள்ளிகள் கொண்ட படத்தைத் தருவதாகக் கொள்ளுங்கள். ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். 1080 புள்ளி அகலமுள்ள கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால், அப்படம் 1080 × 720 அளவில் தெரியும். ஏறத்தாழ 7.8 லட்சம் புள்ளிகள். முப்பதில் ஒரு பங்கு! மற்றவை எங்கே போயின? நீங்கள் பார்க்கவே இல்லை. அதே படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். சுமார் 30 செ.மீ. தொலைவில் நம் கண் பிரித்தறியக்கூடிய நுண்மையும் ஏறக்குறைய அவ்வளவுதான். லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் 19 அடி. கைப்பேசியில் அது ஒரு நாடாத் துண்டு. அச்சில், எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி ஒளிப்படக்காரர்களுக்கு நல்ல வேட்டைக்களம். குரோமியம் உப்பால் பதனிட்டு ஈரத்தோடு அடுக்கிய தோலுக்கு அங்கே ‘வெட் புளூ’ என்று பெயர். வெளிறிய, சற்றே சாம்பல் கலந்த நீலம் அது. திரைக்கென நிறத்தைக் கூட்டியவர் கையில் அது மயில்கழுத்து நீலமாகிவிடுகிறது. திரை தானே ஒளியை வீசுவது. தாளோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்புவது. ஆகவே அந்த மிகை நீலம் தாளில் ஏறுவதில்லை, திட்டாகத் தேங்கிவிடுகிறது. பொய்யைத் தாள் காட்டிக்கொடுக்கிறது என்றே சொல்வேன்.

இன்னொரு வேடிக்கை. தோல் பதனிடுவதும் ஒளிப்படமும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள். பொட்டாசியம் டைக்குரோமேட் பூசிய தாள் வெயிலில் நிறம் மாறுவதை மங்கோ பான்டன் 1839இல் கண்டார். அப்பொருளை ஜெலட்டினோடு கலந்து வெளிச்சத்தில் வைத்தால், ஒளி பட்ட இடம் மட்டும் இறுகி, வெந்நீரிலும் கரையாது நின்றுவிடும். ஒளியானது ஆறு இணைதிறனுள்ள குரோமியத்தை மூன்று இணைதிறனுள்ளதாகக் குறைக்கிறது. அது ஜெலட்டின் இழைகளைப் பிணைத்துப் போடுகிறது. ஆம்பூர்த் தொட்டியில் குரோமியம் உப்பு தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைப்பதும் இவ்வகை வினையே. ஜெலட்டின் என்பதுதான் என்ன? தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனைக் காய்ச்சி எடுத்த பொருளே. அந்தப் பழைய அச்சு முறையில் படம் என்பது, ஒளியால் பதனிட்ட தோல்!

இவ்வளவு உறவிருந்தும், அப்பகுதிப் படங்களின் கீழே நாம் காண்பது என்ன? ‘எப் 8, 1/250 வினாடி’. ஊர்ப் பெயர்கூட இருப்பதில்லை. என் பெருங்குறை இதுதான். 1990களில் மூடப்பட்ட ராணிப்பேட்டை குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், பல ஆண்டுகள் குவிந்து கிடந்தது. அதிலிருந்து கசிந்த நீர் மஞ்சள். ஆகவே படத்தில் விழும். பாலாற்று நுரையும் விழும். ஆனால் உப்பு? தோல் அழுகாமலிருக்கத் தூவும் சாதாரண உப்பு, ஊறவைக்கும்போது கரைந்து கழிவுநீரோடு போகிறது. அதற்கு நிறமில்லை; வழக்கமான சுத்திகரிப்பில் எளிதில் நீங்குவதுமில்லை. கெட்டுப்போன கிணற்றின் நீர் படத்தில் பளிங்குபோல் தெரியக்கூடும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் இதைக் காட்டாது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று இப்பகுதித் தோல் ஆலைகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பாலாற்றுக்காக 2025இலும் தீர்ப்புரைத்தது. அதன் பிறகும் ‘அழகிய ஆறு’ என்று தலைப்பிட்டுக் கிணற்றையும் ஆற்றையும் மாட்டுவது அறியாமையல்லவா? எந்த ஊர், எந்த மாதம், நீரைச் சோதித்திருந்தால் உப்பின் அளவு என்ன என்று இரண்டு வரி எழுதினால் அப்படம் சான்றாகிவிடும்.

திரையில் இதைக் கேட்க ஆளில்லை. விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். கூடத்திலோ படமெடுத்தவர் படத்தருகே நிற்கிறார். நீங்கள் போனால் கேளுங்கள்: இது எங்கே? இவர் என்ன வேலை செய்கிறார்? அவரிடம் படத்தைக் காட்டினீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ஆம்பூரில் எடுத்த படத்தைச் சென்னையில் மட்டும் மாட்டினால், நீலம் சரியா என்று சொல்லத்தக்க கண்கள் அங்கே குறைவு. தினமும் அந்தத் தோலைப் புரட்டுகிறவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

அங்கே பெரிய மாளிகை தேவையில்லை. பள்ளிக்கூட அறையோ கல்யாண மண்டபமோ போதும். ஆனால் குழல்விளக்கின் கீழ் நீலத்தை எடைபோட வேண்டாம். அதன் ஒளியில் எல்லா நிறங்களும் ஒத்த அளவில் இருப்பதில்லை. வெட் புளூ படங்களைச் சன்னல் பக்கச் சுவரில், வெயில் நேராகப் படாமல் மாட்டி, காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.