இவருக்குப் பதில் இவர்

சீரியல் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த அறிவிப்பு மறக்காது. நடிகர் ஒருவர் தொடரிலிருந்து விலகியிருப்பார். பழைய முகம், பக்கத்தில் புது முகம், கீழே ‘இனி இவருக்குப் பதில் இவர்’. அடுத்த காட்சியில் அதே மருமகள் வேறு மூக்கோடு வந்து அதே மாமியாரிடம் அழுவாள். நாமும் ஒரு கேள்வி கேட்காமல் பார்ப்போம்.

2017 பிப்ரவரி 16 சாயங்காலம், எடப்பாடி பழனிசாமி முதல்வராகப் பதவியேற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்க அம்மாயி அதைத்தான் சொன்னாள்: “வுடு கண்ணு, இவருக்குப் பதில் இவரு.”

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நாலு தறி ஓடுகிற வீடு. 2006-க்குப் பிறகு கலைஞர் அரசு கொடுத்த பதினாலு இன்ச் கலர் டிவி அதுவரைக்கும் உயிரோடு இருந்தது. தறிச் சத்தத்தில் வசனம் பாதிதான் கேட்கும். அதனால் அம்மாயி முகத்தைப் பார்த்தே கதை சொல்லுவாள். அந்தப் பத்து நாளும் அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுத் தலைவி இறந்துவிட்டாள், சாவியை யார் இடுப்பில் செருகுவது என்பதுதான் கதை. ஏழாம் தேதி ராத்திரி பன்னீர்செல்வம் சமாதி முன்னால் கண்மூடி உட்கார்ந்தார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூரில் அடைந்தார்கள். பதினாலாம் தேதி தீர்ப்பு, மறுநாள் சமாதியில் சசிகலாவின் மூன்று அடி. பதினெட்டாம் தேதி 122-க்கு 11. ஒவ்வொரு நாளும் ‘தொடரும்’ போடச் சரியான இடத்தில் போய் நின்றது.

அமெரிக்கர்கள் தங்கள் அரசியலை டிவி நாடகத்தோடு ஒப்பிடுவது பழக்கமான விஷயம். துணை அதிபரைக் கேலிக்கூத்தாக்கிய ‘வீப்’ இருக்கிறது. ‘தி அப்ரென்டிஸ்’ நடத்திய டிரம்ப்பே அதிபரானார். அங்கே ஒப்பிடுவதற்கு வெள்ளை மாளிகையை அதன் பேரோடு காட்டுகிற நாடகங்கள் உண்டு. கோட்டைக்குள் நடக்கிற ஒரு மெகா தொடரை நீங்கள் சொல்லுங்கள் பார்க்கலாம்.

பேரைச் சொல்லிச் சிரிப்பதற்கும் இங்கே விலை உண்டு. 2022 பொங்கல் சமயத்தில் ஜீ தமிழில் இரண்டு சிறுவர்கள் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’ பாணியில் ராஜா, மந்திரி வேஷம் போட்டு, பணமதிப்பிழப்பைக் கிண்டலடித்தார்கள். பிரதமர் பேரைக்கூட அவர்கள் சொல்லவில்லை. ஏழு நாளில் பதில் சொல்லும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பியது. அப்போது அதன் இணையமைச்சர், நம்ம நாமக்கல் கோனூர்க்காரர் எல். முருகன்.

ஆக, தமிழ் டிவியில் அரசியல் குடியிருக்க மிச்சமிருந்த ஒரே இடம் வீடு. அதைப் புரிந்து எழுதியவர் என்று இயக்குநர் திருச்செல்வத்தைச் சொல்வேன். 2003-லிருந்து 2009 வரை ஓடிய ‘கோலங்க’ளில் அபி கட்டிக்கொண்டே இருப்பாள், ஆதி இடித்துக்கொண்டே இருப்பான். 1500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் அந்த ஒரு மோதலில் போயின. 2022-ல் வந்த ‘எதிர்நீச்சல்’ அதைவிடக் கூர்மையானது. இங்கே எதிரி வெளியில் இல்லை, நடுவீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். படித்த மருமகள்களைத் தேடிக் கொண்டுவந்து சமையல்கட்டில் நிறுத்துகிற ஆதி குணசேகரன், தம்பிகளைப் பாசத்தால் கட்டவில்லை. செலவுக்குத் தன் கையை எதிர்பார்க்க வைத்துக் கட்டுகிறான். அவனுக்கு வியர்ப்பது அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கைப் பற்றிப் பேச்சு வரும்போதுதான். நியாயம் பேசினால் சிரிப்பான், பத்திரம் பேசினால் எழுந்து நிற்பான். ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு.

ஆனால் மாரிமுத்து அதை நடித்த விதத்தில் ஒன்று நடந்தது. ‘ஏய், இந்தாம்மா’ மீம் ஆனது. கொடுமைக்காரனின் அதட்டலை என் நண்பர்கள் தங்கச்சிகளிடம் போட்டுச் சிரித்தார்கள். நானும்தான். 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று இறந்தபோது வந்த துக்கம் நிஜம். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். இவருக்குப் பதில் இவர். சோபா அப்படியே இருந்தது.

இந்த இடத்தில்தான் சீரியல் கண்ணாடியின் மேல் எனக்குச் சந்தேகம். அது யார் விசுவாசி, யார் துரோகி என்று மட்டுமே காட்டும். 2017-ல் நாங்கள் ‘பதில் ஆள்’ என்று சிரித்த மனிதர் 1989-லேயே எடப்பாடியில் ஜெயித்தவர். மாவட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் யார் யார் என்று தெரிந்தவர். நாலு வருஷம் ஆண்டார். 2021-ல் ஆட்சி போனபோதும் சேலம் மாவட்டத்தின் பதினோரு தொகுதிகளில் பத்து அவர் கூட்டணிக்கு வந்தது. மீம் போட்ட எங்களுக்கு இது புரியவேயில்லை. சாதி, ரோடு, தண்ணீர், கான்ட்ராக்ட் எதுவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கதையில் இல்லை.

2018 ஜூனில் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்தார்கள். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் திட்டம். அம்மாயி வீட்டு டிவியில் செய்தி. கல் நட வந்தவர்கள் முன்னால், தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு பொம்பள மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். பின்னணி இசை இல்லை. குளோசப் இல்லை. அவளுக்கு எதிரே நின்றவர்கள் கையில் அளவு நாடாவும் காகிதமும் வைத்திருந்த சாதாரண ஆட்கள். வில்லன் என்று யாரையும் அம்மாயியால் காட்ட முடியவில்லை. முகத்தைப் பார்த்தே கதை சொல்லுகிறவள், அன்றைக்குப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டத்துக்கான நிலமெடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பொம்பளைக்கு என்ன ஆனது என்று எந்தச் செய்தியும் திரும்பக் காட்டவில்லை.

“என்னமா அழுவறா பாரு” என்றது பக்கத்து வீட்டு அக்கா. “ஏனுங்க்கா, மணி ஏழரை ஆச்சுங்களா?” என்றேன். ஆகியிருந்தது. ரிமோட் என் கையில் இருந்தது. மாற்றினேன்.