கையுறை மட்டும் காக்குமா?

செங்கல்லை இடது கையில் ஏந்திக் கரண்டியின் ஓரத்தால் ஒரு தட்டு, அரைக்கல் தயார். தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் அன்றாட வேலை இது. கரண்டி கொஞ்சம் விலகினால் விரல் வெட்டுப்படும், தெறிக்கும் சில்லு கண்ணில் பாயும். பெரிய கட்டடங்களில் இதற்குத் தலைக்கவசம், கையுறை, கண்ணாடி என்று கொடுத்துவிடுகிறார்கள்.

அதில் பலன் உண்டு. கல் தூக்கும்போது தடித்த கையுறை சிராய்ப்பைத் தடுக்கிறது. உளி பிடிப்பவருக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரே துணிக் கையுறையை எல்லா வேலைக்கும் நீட்டுவது ஆபத்து. ஈரச் சிமெண்டின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். அந்தக் காரத்தை உறிஞ்சிய துணி, தோலை விடாமல் ஒட்டிக்கொண்டு புண்ணாக்குகிறது. பூச்சு வேலைக்கு வேண்டியது நீர் புகாத ரப்பர் கையுறை. கல் அறுக்கும் இயந்திரத்திலோ, தளர்ந்த கையுறை சுழலும் தகட்டில் சிக்கிக் கையையும் இழுத்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை, கருவியை யாரும் சோதிக்காததுதான். அடிவாங்கித் தலை விரிந்து ஓரம் மடங்கிய உளியிலிருந்து இரும்புச் சில்லு தோட்டாபோல் பறக்கும். அந்த ஓரத்தைச் சாணை பிடித்து எடுக்கச் சில நிமிடம் போதும். சுத்தியலின் பிடி ஆடினால் இரவு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் உப்பிக் காலையில் இறுகிவிடும். வெயிலில் காய்ந்ததும் மறுபடி ஆடும். பிடியை மாற்றி ஆப்பு அடிப்பதே சரியான வழி.

ஏன் நடப்பதில்லை? கருவி பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தப் பொருள். அதனால் பழுதும் அவர் பாடு என்று ஒப்பந்தக்காரர் ஒதுங்கிவிடுகிறார். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டது. நாலைந்து பேர் சேர்ந்து வீடு கட்டும் தெருக்களில் மேஸ்திரியின் கண்தான் ஒரே மேற்பார்வை.

எல்லாக் கருவிகளையும் ஒப்பந்தக்காரரே தரட்டும் என்றால் கொத்தனார்கள் ஏற்கமாட்டார்கள். பழகித் தேய்ந்த கரண்டியை அவ்வளவு எளிதில் மாற்ற மனம் வராது, அது நியாயமும்கூட. கரண்டி அவரிடமே இருக்கட்டும். உளியும் சுத்தியலும் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் வந்தால், காலையில் வேலை தொடங்குமுன் பார்த்துப் பழுதானதை ஒதுக்கலாம். செங்கல்லையும் மணல்மேல் வைத்து அகல உளியால் உடைக்கலாம். அது மெதுவான வேலை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசியிருந்தால் அந்த நேரம் கொத்தனாரின் வருமானத்தில்தான் கழியும். ஆகவே அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் சதுர அடிக் கூலியைப் பேச வேண்டும்.