நிழல் கேட்டால் எழுத்தைப் பிடுங்கும் எக்ஸ்போர்ட்

இங்க்ஸ்கேப்பைக் குறை சொன்னால் சண்டைக்கு வரும் நண்பர்கள் எனக்கு உண்டு. காசு வாங்காத மென்பொருள், 2003-ல் சோடிபோடியிலிருந்து பிரிந்து வந்து இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும் என்பார்கள். கும்பிடுகிறேன். ஆனால் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது அது ஃபில்டர்களை நடத்துகிற விதத்தில் எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது.

ஒரு தலைப்பை டைப் செய்து அதற்கு டிராப் ஷேடோ போடுங்கள். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதையே பிடிஎஃப் ஆக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், விளிம்பெல்லாம் படிக்கட்டு. மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, தேடினாலும் சிக்காது. எழுத்து படமாகிவிட்டது. நாம் கேட்டது நிழல் மட்டும்தானே?

பழியை முழுக்க இங்க்ஸ்கேப் தலையில் போடவும் முடியாது. எஸ்விஜி 2001-ல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்தபோதே அதில் ஃபில்டர்கள் இருந்தன. ஃபில்டர் என்பது ஒரு சமையல் குறிப்பு: வரைந்ததை எடு, மங்கலாக்கு, கொஞ்சம் நகர்த்து, மேலே அசலை ஒட்டு. ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் திரை இதைப் புதிதாகச் சமைக்கிறது. அதே 2001-ல் வந்த பிடிஎஃப் 1.4 ஒளிபுகும் தன்மையைக் கொண்டுவந்தது, கூடவே 16 பிளெண்ட் மோடுகள். ஆனால் ‘மங்கலாக்கு’ என்று ஒரு கட்டளை அதில் இல்லை. போஸ்ட்ஸ்கிரிப்டில் பாதி ஒளிபுகும் நிறத்துக்கே இடமில்லை, அதனால் இபிஎஸ் கேட்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஆக, எங்கோ ஓரிடத்தில் குறிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு சமைத்த பதார்த்தத்தை மட்டும் கட்டிக்கொடுத்தே ஆகவேண்டும். அதில் எனக்குப் புகார் இல்லை.

எதைக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் புகார். எக்ஸ்போர்ட் பெட்டியில் நமக்கு இரண்டே வழி. ஃபில்டர் விளைவுகளைப் பிக்சலாக்கலாம். வேண்டாமென்றால் ஃபில்டரே இல்லாமல் வரும், நிழல் காணாமல் போகும். பிக்சலாக்க அது தானாக எடுத்துக்கொள்ளும் தெளிவு 96 டிபிஐ. ஏ4 தாளின் அகலம் முழுக்க வெறும் 794 பிக்சல்.

“300 வெச்சுக்கோ” என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு இது தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பது போலத் தெரிகிறது. காசியன் பிளரின் வேலையே நுணுக்கங்களை அழிப்பது. 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பரவிய ஒரு நிழலில், 96 டிபிஐ-யின் கால் மில்லிமீட்டர் பிக்சல் தவறவிடும்படி எந்த விவரமும் மிச்சமிருக்காது. நிழலுக்கு 96 தாராளம். தெளிவு தேவைப்படுவது மேலே இருக்கும் எழுத்துக்கு, அதாவது மங்கலாக்கப்படவே படாத பகுதிக்கு! ஃபில்டரின் கடைசிப் படியில் அசலும் நிழலும் ஒட்டிக்கொள்வதால், மொத்தத்தையும் ஒரே படமாகப் பிடித்துவிடுகிறார்கள். 300 வைத்தால் பிக்சல்கள் கிட்டத்தட்ட 10 மடங்கு. அத்தனையும் செலவழித்தும் கிடைப்பது எழுத்தின் போட்டோதான்.

கையால் இதைச் சரிசெய்வது சுலபம். எழுத்தை நகலெடுங்கள், கீழே இருக்கும் பிரதியைக் கறுப்பாக்கி, நகர்த்தி, அதற்கு மட்டும் பிளர் கொடுங்கள். மேலே இருப்பதில் ஃபில்டரே கூடாது. இப்போது எக்ஸ்போர்ட் செய்தால் கீழ்ப் பிரதி மட்டும் படமாகும், மேலே எழுத்து எழுத்தாகவே நிற்கும். நான் 30 நொடியில் செய்வதை எக்ஸ்போர்ட் நிரல் ஏன் செய்யக்கூடாது? ஃபில்டர் சங்கிலியின் கடைசிப் படி ‘அசலை மேலே ஒட்டு’ என்றிருந்தால், அந்த அசலை மட்டும் வெளியே உருவி வெக்டராக எழுதவேண்டியதுதான். எல்லா ஃபில்டருக்கும் இது நடக்காது. வடிவத்தையே நெளிக்கும் ஃபில்டர், ஒளியடிக்கும் ஃபில்டர் எல்லாம் பிக்சலாகத்தான் போகும், போகட்டும். நான் பார்க்கும் கோப்புகளில் பாதிக்கு மேல் வெறும் நிழல்தான்.

இல்லஸ்ட்ரேட்டரிலும் டிராப் ஷேடோ பிக்சல்தான், ஆனால் அங்கே நிழல் தனிப் படமாகக் கீழே போய்விடும், எழுத்து மேலே வெக்டராகவே இருக்கும். ஆக, முடியாத காரியமில்லை.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், இதே இங்க்ஸ்கேப் வேறு இடங்களில் அழகாக யோசித்திருக்கிறது. பாத் எஃபெக்ட்களைப் பாருங்கள். நாம் வரைந்த அசல் கோடும் விளைவுக்குப் பிந்தைய கோடும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிரவுசர் பின்னதைப் படிக்கும், இங்க்ஸ்கேப் முன்னதைப் படிக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. மெஷ் கிரேடியண்டை எஸ்விஜி 2 கைவிட்டபோது, பிரவுசரில் தெரியட்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கையே கூட வைத்து அனுப்பினார்கள். அரிதாகப் பயன்படும் மெஷ்ஷுக்கு அவ்வளவு கரிசனம். தினமும் போடும் நிழலுக்கு ஒரு டிக் பெட்டி!

யாராவது இதைத் திருத்தும்வரை, அச்சுக்கு அனுப்புமுன் பாப்ளரின் ‘பிடிஎஃப்இமேஜஸ்’ கருவியைப் பட்டியல் காட்டும் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். எந்தெந்தப் பொருள் படமாகிவிட்டது, எத்தனை பிபிஐ என்று வரிவரியாகச் சொல்லிவிடும். வெறும் எழுத்தும் கோடும் உள்ள பக்கத்தில் ஒரு வரி வந்தாலும், எங்கோ ஒரு ஃபில்டர் ஒளிந்திருக்கிறது.