கரணை, கைகுலுக்கல், காலணி

ஓட்டப் பந்தயம் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குவதாகத்தான் நமக்குத் தோன்றும். 1920களில் அது தொடங்கியது கொஞ்சம் முன்னால், மண்ணைத் தோண்டும் வேலையோடு. காலை ஊன்றிப் பாய்வதற்கு இன்றுள்ள கட்டைகள் அப்போது கிடையாது. எரிந்த நிலக்கரியைப் பொடித்துப் பரப்பிய தடத்தில், ஒவ்வொருவரும் தன் கால்விரல் பதிய இரண்டு குழிகளைத் தானே தோண்டிக்கொள்ள வேண்டும். அதற்காக ஆளுக்கொரு சிறிய கரணையோடு வருவார்கள்.

எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் எரிக் லிடெல் தன் குழிகளைத் தோண்டி முடித்ததும் கரணையைப் பையில் போட்டுக்கொள்ள மாட்டார். கரணை கொண்டுவராதவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் நீட்டுவார். பிறகு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கி, நன்றாக ஓடும்படி வாழ்த்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவார். ஒரு நிமிடம்கூட ஆகாத காரியம். ஆனால் அந்தக் கரணை தோண்டித் தருவது எதிராளியின் வேகத்தை. அவர் முதல் அடியை உறுதியாக வைக்க வேண்டும், அப்படி வைத்தபின் நான் அவரை முந்த வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஜெயிக்கும் ஆசையும் மற்றவர்மீது அன்பும் ஒரே மனதில் இடித்துக்கொள்ளாமல் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய ஓட்டத்தை அழகு என்று யாரும் சொன்னதில்லை. முழங்கால்கள் அளவுக்கு மீறி உயரும். நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்து கையை வீசுவதுபோல இரண்டு கைகளும் காற்றை அடிக்கும். கடைசிக் கட்டத்தில் தலை பின்னால் சாயும், வாய் திறந்துகொள்ளும், கண் வானத்தைப் பார்க்கும். எதிரே இருக்கும் கோட்டைப் பார்க்காமல் ஓட முடியுமா என்று பயிற்சியாளர்கள் திகைத்தார்கள். ஸ்காட்லாந்து ரசிகர்களோ அந்தத் தலை சாயும் கணத்துக்காகவே காத்திருந்தார்கள். 1981இல் வந்த ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் லிடெலாக நடித்த இயன் சார்ல்ஸன் அந்த ஓட்டத்தை அப்படியே உடம்பில் கொண்டுவந்தார். இலக்கணம் பார்த்தால் தப்பான ஓட்டம்தான். ஆனால் உடம்பைப் பற்றிய கூச்சமெல்லாம் கழன்றுபோய், முழு மனிதனும் ஓடினால் எப்படியிருக்கும் என்பதை அதில் காணலாம்.

அந்தக் கூச்சத்தைக் கழற்ற நண்பர்கள் வேண்டியிருந்தார்கள். லிடெல் இயல்பில் வாய் பேசாதவர். 1902இல் சீனாவின் டியன்ஜினில், ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். அண்ணன் ராபையும் அவரையும் சிறுவர்களாகவே இங்கிலாந்தில், மிஷனரிகளின் மகன்களுக்கான விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு அப்பா அம்மா ஊழியத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பிற்பாடு ஈல்தம் கல்லூரி என்று பெயர்பெற்ற பள்ளி அது. வருஷக்கணக்காகப் பெற்றோரைப் பார்க்காமல் வளர்ந்த அந்த இரண்டு பையன்களுக்கும் விளையாட்டு மைதானம்தான் வீடு. பிறகு அண்ணன் மருத்துவமும் தம்பி அறிவியலும் படிக்க எடின்பரோவுக்கு வந்தார்கள்.

1921 மே மாதம் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் லிடெல் 100 கெஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். 220 கெஜத்தில் இன்னஸ் ஸ்டூவர்ட் என்ற மாணவரிடம் தோற்றார். அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர் டாம் மெக்கெர்ச்சர் வந்தார். இறுகிப்போன தசைகளைத் தேய்த்துத் தளர்த்தியதும், நுனிக்காலில் துள்ளச் சொல்லிக்கொடுத்ததும், பவுடர்ஹால் தடத்தில் திரும்பத் திரும்பக் கிளம்பவைத்ததும் அவர்தான். பலர் பார்க்கும் இடத்தில் அப்படித் துள்ளுவதற்கு லிடெலுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இன்னொருவர் கையில் தன் உடம்பை நம்பிக் கொடுப்பது ஓட்டக்காரன் படிக்கும் முதல் பாடம். கண்ணுக்குத் தெரியாத ஒருவரை நம்பப் போகிறவனுக்கும் அது நல்ல பயிற்சிதான்.

1923 ஏப்ரலில் அந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கிளாஸ்கோவில் இறையியல் படித்துக்கொண்டிருந்த டி. பி. தாம்ஸன், மாணவர் சுவிசேஷக் குழு ஒன்றோடு ஆர்மடேல் என்ற சுரங்க ஊரில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். ஆண்கள் எட்டிப்பார்க்கவில்லை. ஸ்காட்லாந்தே பேர் சொல்லும் ஓட்டக்காரர், தேசிய ரக்பி அணியில் ஆடுகிறவர், தனக்குத் தெரிந்த ராபுடைய தம்பிதானே என்று தோன்றியதும் எடின்பரோவுக்குக் கிளம்பிவிட்டார். விஷயத்தைக் கேட்ட லிடெல் தலையைக் குனிந்து சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வருவதாகச் சொன்னார்.

அந்த மௌனம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். ஆயிரக்கணக்கானோர் பார்க்க ஓடுகிறவருக்கு நூறு பேர்கூட இல்லாத ஒரு கூட்டத்தில் வாய் திறக்கப் பயம். விசுவாசம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது; அதை வெளியே சொல்லும்படி யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டவர் போதகரோ பேராசிரியரோ இல்லை, தன்னைப் போன்ற இன்னொரு மாணவர். ஆர்மடேலில் லிடெல் கையை வீசி முழங்கவில்லை. தேவன் தனக்கு யார் என்பதைத் தெரிந்தவர்களிடம் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதன்பின் வாரநாளில் தடத்திலும் வார இறுதியில் தாம்ஸனோடு மேடையிலுமாக ஊர் ஊராகப் போனார். அவர் ஓட்டம் கூட்டத்தைக் கூட்டியது. அவர் பேச்சில் ஓட்டக்காரனின் பெருமை கொஞ்சமும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றும் மோதிய போட்டி. 440 கெஜ ஓட்டத்தில் கிளம்பிய சில அடிகளிலேயே லிடெல் இடிபட்டுத் தடத்துக்கு வெளியே புல்லில் விழுந்தார். ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தயங்கினார். ஓடலாம் என்று அதிகாரிகள் கை காட்டியதும் எழுந்தார். கிட்டத்தட்ட 20 கெஜம் முன்னால் போய்விட்டவர்களைத் துரத்தி, முதலாவதாகக் கோட்டைத் தாண்டி, அங்கேயே சுருண்டு விழுந்தார். நேரம் 51.2 வினாடி, கடிகாரத்துக்கு அது பெரிய எண் இல்லை. அதே மாதம் லண்டனில் 100 கெஜத்தை 9.7 வினாடியில் ஓடியிருந்தார். அடுத்த 23 ஆண்டுகள் அந்த எண்ணைத் தொட பிரிட்டனில் ஆள் இல்லை. இருந்தும் ஸ்காட்லாந்து மக்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது ஸ்டோக் ஓட்டத்தைத்தான். விழுந்த இடத்திலிருந்து எழுந்தவனைப் பார்த்தால் யாருக்கும் ஒரு தெம்பு வரும்.

1924 பாரீஸ் ஒலிம்பிக் கதை உலகம் அறிந்தது. அதன் நுணுக்கங்கள் படத்தில் வந்ததைவிட உண்மையில் இன்னும் அழகு. 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பது லிடெலுக்குக் கப்பலேறும்போது தெரிந்த செய்தி இல்லை. மாதங்களுக்கு முன்பே தெரியும். ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, மெக்கெர்ச்சரோடு 400 மீட்டருக்கு உழைத்தார். நாட்டைக் கைவிட்டவன் என்ற ஏச்சு வந்தபோது பதிலுக்கு வாதாடவில்லை. அவர் விட்ட 100 மீட்டரில் கேம்பிரிட்ஜ் படித்த ஹரால்ட் ஆப்ரஹாம்ஸ் தங்கம் வென்றார்.

400 மீட்டர் இறுதி ஜூலை 11ஆம் தேதி. அன்று காலை ஒரு சீட்டு வந்தது. படத்தில் அதை அமெரிக்க ஓட்டக்காரர் ஜாக்ஸன் ஷோல்ஸ் கொடுப்பார். உண்மையில் கொடுத்தவர் பிரிட்டிஷ் அணியின் உடல்பிடிப்பவர்களில் ஒருவர். தேவனைக் கனம்பண்ணுகிறவனை அவரும் கனம்பண்ணுவார் என்ற பொருளில் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் வரும் வசனத்தை நினைவூட்டி எழுதியிருந்தது. நாள்தோறும் அந்தக் கால்களைத் தேய்த்துவிடுகிறவர்களுக்கு அந்தக் கால்கள் எதற்காக ஒரு ஞாயிறு நின்றன என்பது புரிந்திருக்கிறது. இந்த மாற்றத்தில்தான் படம் கொஞ்சம் நஷ்டப்பட்டது என்பேன். நட்சத்திரம் நட்சத்திரத்துக்குக் கொடுப்பது நாடகத்துக்கு நல்லது. கூடவே இருந்து வேலை செய்தவர் கொடுத்ததில்தான் உறவின் ஈரம் இருக்கிறது.

லிடெலுக்குக் கிடைத்தது கடைசித் தடம், ஆறாவது. மற்றவர்களைப் பார்க்க முடியாத இடம். வழக்கம்போல எல்லோரோடும் கைகுலுக்கினார். கேமரன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் பைக் குழல் இசை மைதானத்தில் முழங்கி ஓய்ந்தது. முதல் 200 மீட்டரை 22.2 வினாடியில் கடந்தார். இரண்டு நாள் முன்பு 200 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு வெண்கலம் தந்த நேரம் 21.9. அதாவது பாதித் தூரத்திலேயே மிச்சம் எதுவும் வைக்காமல் செலவழித்துவிட்டார். தலை சாய்ந்தது. 47.6 வினாடியில் தங்கம், ஒலிம்பிக் சாதனை. ஆறு நாள் கழித்துப் பட்டமளிப்பு விழாவில் ஒலிவ இலை முடி சூட்டி, சக மாணவர்கள் அவரைத் தோள்மேல் தூக்கிப் போனார்கள். அடுத்த ஆண்டே டியன்ஜினில் ஆசிரியர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மாணவப் பருவத்தில் பழகிய கை எவ்வளவு காலம் அந்தப் பழக்கத்தை விடாது என்பதைப் போர்க்காலம் காட்டியது. 1943இல் ஜப்பானியர் அவரை ஷான்டொங் மாகாணத்தின் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். மனைவி ஃப்ளோரன்ஸும் மூன்று பெண் பிள்ளைகளும் கனடாவில். கடைசிக் குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. முகாமில் சீஃபூ மிஷனரிப் பள்ளியின் மாணவர்கள் இருந்தார்கள், தாய் தகப்பன் வேறெங்கோ இருக்க. தானும் அப்படி வளர்ந்தவருக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் புதிதா என்ன? அவர்களுக்கு ‘எரிக் அங்கிள்’ ஆனார். அறிவியல் சொல்லிக்கொடுத்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கட்டிக்கொடுத்தார், ஓட்டப் பந்தயம் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை என்றுதான் முதலில் சொன்னார். பிள்ளைகள் கேட்காமல் தாங்களே ஹாக்கி ஆடினார்கள்; நடுவர் இல்லாததால் அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் நடுவராக மைதானத்தில் வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக உடைக்காத ஓய்வுநாளைப் பிள்ளைகளின் சண்டை தீர்க்க விட்டுக்கொடுத்தார். கொள்கை தளர்ந்துபோனதாக இதைப் படிப்பவர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். பாரீஸில் விட்டுக்கொடுத்திருந்தால் லாபம் அவருக்கு. இங்கே லாபம் பிள்ளைகளுக்கு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருந்ததுதான் அவருடைய பக்தியின் மிக நுட்பமான இடம்.

சீஃபூ மாணவர்களில் ஒருவர் ஸ்டீவன் மெட்காஃப், பதினெட்டு வயதுகூட நிரம்பாதவர். மலைப்பிரசங்கத்தில் சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்னது நடக்கிற காரியமா என்று இளைஞர்கள் விவாதித்தபோது, நமக்குப் பிடித்தவர்களுக்காக ஜெபிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, காவல் நிற்கும் ஜப்பானியருக்காக ஜெபித்துப் பாருங்கள் என்ற கருத்தில் லிடெல் பேசினார். மெட்காஃப் ஜெபிக்கத் தொடங்கினார். 1945 குளிர்காலத்தில் அவருக்குக் காலணி இல்லை. லிடெல் தன் பழைய ஓட்டக் காலணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேய்ந்து, ஒட்டுப்போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டிய காலணிகள். எத்தனையோ இல்லாமையில் அவர் அதுவரை வைத்துக் காத்தவை. சில வாரங்களில், பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால் லிடெல் இறந்தார். வயது 43. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் மெட்காஃபும் ஒருவர். மரச்சிலுவையில் பெயரை எழுத ஷூ பாலிஷ்தான் கிடைத்தது.

உயிரோடு வெளியே வந்தால் ஜப்பானுக்கே ஊழியத்துக்குப் போவதாக மெட்காஃப் நேர்ந்துகொண்டார். 1952இல் போனார், 1990 வரை அங்கே பணியாற்றினார். தன்னை அடைத்துவைத்த நாட்டு மக்களோடு வாழ்ந்த 38 ஆண்டுகள் அவை. பிரசங்கங்களை அந்தப் பையன் பிறந்ததிலிருந்தே கேட்டிருப்பான், மிஷனரி வீட்டுப் பிள்ளை. சத்துருவைச் சிநேகி என்ற வார்த்தையும் அவனுக்குப் புதிதில்லை. இந்த முறை அது பலித்தது, சொன்னவர் மட்டை கட்டிக்கொடுத்தவர், சண்டை தீர்த்தவர், எதிராளிக்குக் குழி தோண்டக் கரணை கொடுத்துப் பழகியவர் என்பதால். கூடவே ஓடுகிறவர்களிடமிருந்து வரும் விசுவாசத்துக்கு அப்படியொரு பலம் உண்டு: அதைச் சொல்பவரின் மூச்சு வாங்குவதையும் நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம்.