உரத்த இசையும் அதன் விசுவாசிகளும்

ஹெவி மெற்றல் கேட்கும் இளைஞர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், மெற்றாலிக்கா குழு 1991இல் வெளியிட்ட கறுப்பு அட்டைத் தொகுப்புத்தான் அவர்களது ஆகச் சிறந்த வேலை என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு அங்கே வேறு பேச்சு நடக்காது. அது சந்தைக்காகச் செய்த சரக்கு என்பார் ஒருவர். 1986இன் 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' தொகுப்போடு அவர்கள் முடிந்து போனார்கள் என்பார் இன்னொருவர். பங்க் ரசிகர்களிடமும் இதே கதைதான். 1977இல் த கிளாஷ் குழுவினர் சீ.பீ.எஸ். எனும் பெரிய நிறுவனத்தோடு ஒப்பமிட்ட அன்றே பங்க் மௌத்தாகி விட்டது என்ற தீர்ப்பை, அந்தக் காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் இன்றும் ஒப்புவிக்கிறார்கள்.

இவ்வாறான 'பலருக்கும் பிடிக்காத கருத்துகளை' ஆளுக்கொன்றாய் எடுத்து வைத்துச் சண்டை பிடிப்பது இந்த ரசிகர்களிடையே ஒரு விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. சுவாரசியமான விளையாட்டுத்தான். ஆயினும் கொஞ்சம் ஊன்றிக் கேட்டால், இதில் மீறல் என்று எதுவுமில்லை என்பது விளங்கும். எந்தத் தொகுப்பு அசல், எது போலி என்பதில்தான் பிணக்கு. அசல் என்று ஒன்று உண்டு, உரத்த இசை தன் இயல்பிலேயே கலகக்காரனின் பக்கம் நிற்கிறது என்ற ஈமானில் எல்லோரும் ஒரே ஸஃப்பில்தான் நிற்கிறார்கள். அந்த ஸஃப்பிலிருந்து விலகி நின்று சில விடயங்களைச் சொல்வதே இங்கு என் நோக்கம். ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் இந்த வாவிக்கரையில் இருந்துகொண்டு கேட்கையில், அந்த ஈமான் பல இடங்களில் இடறுகிறது.

த கிளாஷ் 1982இல் வெளியிட்ட 'றொக் த கஸ்பா' என்ற பாடலையே எடுத்துக் கொள்வோம். இசையைத் தடைசெய்யும் ஆட்சியாளர் ஒருவரைக் கேலி செய்யும் பாடல் அது; இடதுசாரிகள் பாடியது. 1991இல் வளைகுடாப் போர் தொடங்கியபோது அமெரிக்கப் படையினரின் வானொலி அதைத்தான் ஒலிபரப்பியது. ஈராக்கியரின் தலைகளில் விழுந்த குண்டொன்றின் மேல் அந்தப் பாடலின் பெயர் எழுதப்பட்டிருந்ததாகவும் சொல்வார்கள். பாடியவர்கள் இதை விரும்பவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பாடலுக்குள் இருந்த எதுவும் அதைத் தடுக்கவுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003இல், ஈராக்கியக் கைதிகளைத் தூங்கவிடாமல் செய்து பணிய வைப்பதற்கு அமெரிக்கப் படையினர் மெற்றாலிக்காவின் பாடல்களை மணிக்கணக்கில் உரக்கப் போடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. அதுபற்றிக் கேட்டபோது அக்குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் பகிடியாகவே பதில் சொன்னார். றேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் கிற்றார் கலைஞர் ரொம் மொறெல்லோ போன்றவர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரசிகர்கள் இதை ஒரு விபத்தாகக் கடந்து செல்கிறார்கள். எனது துணிபு வேறு. ஒரு சத்தத்தை நிறுத்தும் பொத்தான் எவர் கையில் இருக்கிறது என்பதே அந்தச் சத்தத்தின் அரசியல். கிற்றாரின் கரகரப்புக்கென்று தனியான அரசியல் ஏதுமில்லை. மைதானத்தில் காசு கொடுத்து நுழைந்தவனுக்கு அது விடுதலை. கைகள் பின்னால் கட்டப்பட்டவனுக்கு அதே பாடல், அதே அளவு உரப்பில், வதை.

நமது பக்கத்து வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2006, 2007 ஆண்டுகளில் வாகரையிலும் தொப்பிகலையிலும் சமர் நடந்தபோது பல்குழல் எறிகணைகளின் அதிர்வைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இரட்டைப் பெரும்பறை உதைக்கும் ஓசையை 'குண்டு மழை' என்று புகழும் இசை விமர்சனத்தை எப்படி வாசிப்பார்கள்? சிலர் அதனாலேயே இந்த இசைக்குள் போகிறார்கள், பயந்த சத்தத்தைத் தன் காதுக்குள் தானே போட்டுத் தானே நிறுத்துவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பக்தாத்தின் அக்ராஸிகௌடா குழுவினர் அப்படித்தான் வாசித்தார்கள். 2001இல் தொடங்கிய குழு. போரில் அவர்களது ஒத்திகை இடமே தகர்ந்தது. 2007இல் வந்த 'ஹெவி மெற்றல் இன் பக்தாத்' என்ற ஆவணப்படத்தில் அவர்களைக் காணலாம். அவர்களுக்கு அந்த இசை கலகமாக அல்ல, உயிரோடு இருப்பதற்கான ஒரு வழியாகவே இருந்தது. என்னைப் பொறுத்தவரை உரத்த இசை தரக்கூடிய மிகப் பெரிய நியாயம் அதுதான். ரசிகர்கள் கேட்கும் நியாயமோ இதைவிடப் பெரிதாகவும், அதனாலேயே பொய்யாகவும் இருக்கிறது.

அடுத்ததாகத் தூய்மை.

இந்த ரசிகர் கூட்டத்தில் ஆகக் கேவலமான வசைச்சொல் 'போஸர்' என்பது. கறுப்புச் சட்டை போட்டிருக்கிறான், ஆனால் உள்ளே விசுவாசம் இல்லை என்பது அதன் பொருள். முனாபிக் என்ற நம்முடைய சொல்லுக்கு இதைவிடக் கிட்டிய மொழிபெயர்ப்பு கிடையாது. ஒருவனைக் கூட்டத்துக்கு வெளியே தள்ளும் சொற்கள் எவ்வளவு பாரமானவை என்பதைக் காத்தான்குடி வாசகருக்கு நான் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

நோர்வேயின் பிளாக் மெற்றல் குழுக்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தத் தூய்மை வாதத்தை அதன் எல்லை வரை கொண்டு போயின. 1992 ஜூனில் பேர்கன் நகருக்கு அருகே ஃபன்ரொஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்தது. அடுத்த ஆண்டு 'புர்ஸும்' என்ற பெயரில் தனியொருவராக இசை செய்த வார்க் விக்கெர்னஸ் வெளியிட்ட சிறு தொகுப்பின் பெயர் 'சாம்பல்'. அதன் அட்டையில் அந்தத் தேவாலயத்தின் கரிந்த எச்சம். வாங்கியோருக்குத் தீமூட்டி ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார்கள். சக கலைஞர் ஒருவரைக் கொன்றமைக்காகவும், வேறு தேவாலயங்களை எரித்தமைக்காகவும் விக்கெர்னஸுக்கு 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2009இல் வெளியே வந்தார். அவரது இனவாதக் கருத்துகள் ஒளிவுமறைவானவை அல்ல. இத்தனைக்கும் பிறகும் புர்ஸும் ரீசேட் உலகெங்கும் விற்கிறது, இலங்கையிலும் அதை உடுத்துகிறார்கள். கேட்டால் 'கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்க வேண்டும்' என்கிறார்கள்.

வேறிடங்களில் அந்தப் பதில் செல்லுபடியாகலாம். எரிந்த வணக்கஸ்தலத்தின் படம் அட்டையிலேயே இருக்கும்போது எதை எதிலிருந்து பிரிப்பது? 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்களைக் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொன்றார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். இரண்டாவதைச் செய்த குழுவின் தொடக்கம் எங்கே என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சூபிகளைப் பார்த்து நீங்கள் அசலான முஸ்லிம்கள் அல்லர் என்று மேடை போட்டுக் கத்தியதில்தான் அது தொடங்கியது. 2017இல் காத்தான்குடித் தெருவில் கைகலப்பும் வாள்வெட்டுமாயிற்று. இரண்டாண்டு கழித்துத் தேவாலயங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நோர்வேயின் கதையை இதற்குச் சமன் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எரிந்தவை பெரும்பாலும் ஆளில்லாக் கட்டடங்கள்; இங்கே எரிந்தவர்கள் மனிதர். ஆனால் 'நாம் மட்டுமே அசல்' என்ற வசனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதை இசையாகக் கேட்டால் கொஞ்சம் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது. அந்த அழகு எனக்கு வேண்டாம் என்பதே என் விமர்சனம்.

கொழும்பின் ஸ்ரிக்மாற்றா குழு இந்த நாட்டு மெற்றலில் முக்கியமானது. 2003இல் முதல் தொகுப்பு. 2006, 2010, 2015 ஆண்டுகளில் அடுத்தவை. வாசிப்பில் குறை சொல்ல அதிகமில்லை. கண்டியிலிருந்து பரனொய்ட் ஏர்த்லிங் வந்தது. இவர்களை மதிக்கிறேன். இருந்தும் இலங்கை மெற்றல் உலகத்தரமானது என்று ரசிகர்கள் பெருமைப்படும் இடத்தில்தான் எனக்கு மனம் ஒட்டவில்லை. முப்பதாண்டு யுத்தம் நடந்த நாட்டில், கோபத்தையே மூலப்பொருளாகக் கொண்ட ஒரு கலை பெரிதும் ஆங்கிலத்திலேயே கோபப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கத்தினால் அது எந்தச் சோதனைச்சாவடிக்கும் விளங்காது என்பது ஒரு பாதுகாப்பு. விளங்காத கத்தலால் எவருக்கும் நட்டமுமில்லை.

2010களின் தொடக்கத்தில் இந்நாட்டுக் குழுவொன்று 'ஜெனோசைட் ஷ்ரைன்ஸ்' என்று பெயர் வைத்துக் கொண்டது. முள்ளிவாய்க்கால் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பொதுமேடையில் உச்சரிப்பவர் அதற்கான விலையை யோசித்தே உச்சரிக்க வேண்டியிருந்த காலம். அதிர்ச்சி தருவது இந்த இசையின் மரபு, பெயரைப் பெயராகப் பார்க்க வேண்டும் என்பார்கள் ரசிகர்கள். 1976இல் லண்டன் பங்க் பிள்ளைகள் நாஸிச் சின்னத்தைக் கையில் கட்டியபோதும் இதே விளக்கம்தான் சொல்லப்பட்டது. எவர் சொன்னால் அது அதிர்ச்சி, எவர் சொன்னால் அது குற்றம் என்ற கேள்வியை மட்டும் அந்த மரபு தன்னிடம் கேட்டுக் கொள்வதில்லை.

முஸ்லிம் பங்க் என்ற விடயத்திலும் எனக்கு மாற்றுக் கருத்துண்டு. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் முஹம்மத் நைட் 2003இல் 'த தக்வாகோர்ஸ்' என்ற நாவலைத் தானே படியெடுத்து விநியோகித்தார். அதில் அவர் கற்பனை செய்த முஸ்லிம் பங்க் குழுக்களை வாசித்துவிட்டு நிஜமான பிள்ளைகள் நிஜமான குழுக்களைத் தொடங்கினார்கள். பொஸ்ரனின் த கொமினாஸ் அவற்றில் முதன்மையானது. ஒரு பிரதி தன் வாசகர்களை இப்படி உற்பத்தி செய்தது இலக்கிய மாணவருக்குப் பெரிய விருந்து. ஆனால் அந்த அலையின் பாடல்களை இன்று எடுத்துக் கேட்டால், நாவலே மேல் என்றுதான் படுகிறது. மேற்குப் பத்திரிகைகளுக்குப் பாட்டைவிட 'முஸ்லிமும் பங்கும்' என்ற சோடிதான் தேவைப்பட்டது. இந்தோனேசியாவின் கரூற்றில் 2014இல் பாடசாலை மாணவிகளாய்த் தொடங்கி, 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரி விழா மேடை வரை போன வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட் குழுவின் மூன்று பெண்களுக்கும் இந்தக் கதிதான். அவர்களைப் பற்றி எழுதுவோர் பர்தாவில் தொடங்கிப் பர்தாவில் முடிக்கிறார்கள். ஸித்தி அய்ஷாவின் பறை வாசிப்பு எவ்வளவு இறுக்கமானது என்று எழுத இடம் மிஞ்சுவதில்லை.

அதே இந்தோனேசியாவின் அச்சேயில், 2011 டிசம்பரில், அநாதைப் பிள்ளைகளுக்கு நிதி சேர்க்க நடந்த ஒரு பங்க் நிகழ்ச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பிடித்துச் சென்று தலைமயிரை மழித்தார்கள். பத்து நாள் 'திருத்தினார்கள்'. சுனாமி நம்மையும் அவர்களையும் ஒரே காலையில் அடித்தது. அவர்களிடம் இருந்தது கிற்றார். குற்றமாகத் தெரிந்தது தலைமயிர். 2003இல் கஸபிளங்காவில் பதினான்கு மெற்றல் இளைஞர்களை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியபோது கறுப்பு ரீசேட்டுகளே சாட்சியமாகின. இந்த இடங்களில் அந்த இசைக்குக் கலகம் என்ற பெயர் பொருந்துகிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களோ பொலிஸார்.

நம்மவரில் சிலர் இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொல்கிறார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தில் பாவாமார் தாயிரா அடித்து, கன்னத்திலும் நாவிலும் ஊசியேற்றி நடத்தும் றிஃபாயி றாத்தீபுதான் 'எமது மெற்றல்' என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. வட்டம், அதிரும் தோல், ஏறிக்கொண்டே போகும் வேகம், வலியை வென்று நிற்கும் உடல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் றாத்தீபில் எவனும் தன்னை வெளிப்படுத்துவதில்லை. கலீபாவின் அனுமதியின்றி ஊசியை எடுக்க முடியாது. காயத்தை ஆற்றுவதும் அவர் கைதான். அது முழுக்க அடிபணிதல். அதற்கு மெற்றல் என்று பெயர் சூட்டுவது அதை ஹறாம் என்று ஒதுக்குவதைப் போலவே அதைக் கேளாமல் விடும் ஒரு வழி.

எனக்குத் தெரிந்து நம் கரையில் பங்கின் பண்புக்குக் கிட்ட வருபவை சத்தமே இல்லாதவை. எஸ். முத்துமீரான் ஊரூராய்த் தேடித் தொகுத்தாரே, கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கவிகள். நாலு வரி, அதற்குள் மாமியையும் மச்சானையும் ஊர்ப் பெரியவரையும் குத்திவிட்டுப் போய்விடும். எழுதியவர் பெயரில்லை, வாத்தியமில்லை, எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. வயலிலும் வாசலிலும் சொல்லப்பட்டவை. ஒரு கிற்றாரும் ஒரு பறையும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்குள் பாடி முடிப்பதற்கு ஏற்ற அளவு. ஆங்கிலத்தில் கத்தும் நம் பிள்ளைகளில் எவராவது அதை எடுத்துப் பாடினால், பள்ளிவாசல் மஹல்லாவிலும் எதிர்ப்பு வரும், கறுப்புச் சட்டைக்காரர்களிடமும் வரும், நாட்டார் வழக்கைக் கெடுக்கிறான் என்று நம் பேராசிரியர்களிடமிருந்தும் வரும். கவியைச் சொன்ன பெண்ணின் பேத்தி என்ன சொல்கிறாள் என்றுதான் நான் கேட்டுப் பார்ப்பேன்.