வாசிப்பும் ஆய்வும் ஒரே பட்டத்தில் கிடைக்குமா?

புல்லாங்குழல் வாசிக்கிறோம், புத்தகமும் வாசிக்கிறோம். தமிழில் ரெண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். பல்கலைக்கழகங்கள்தான் ரெண்டையும் வேறு வேறு கட்டடத்தில் வைத்திருக்கின்றன. அதைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி, கச்சேரிப் பயிற்சியும் இசையியலும் 'சேர்ந்த' மேற்படிப்புகளைப் பல இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் 'சேர்ந்த' என்ற சொல்லை நம்பி விண்ணப்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தட்டிப் பார்க்கணும்.

பிரிவு பழசு. பாரிஸ் கன்சர்வேட்டரி 1795-ல் தொடங்கியது. அதன் வேலை பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொடுப்பது. இசையியல் வேறு வாசல் வழியாக, பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. 1885-ல் கிடோ ஆட்லர் அந்தத் துறைக்கு ஒரு வரைபடம் போட்டார். அதில் வரலாற்றுப் பிரிவின் முதல் தலைப்பே பழைய நோட்டேஷன்களைப் படிப்பது. ஏட்டிலிருந்துதான் ஆரம்பம், விரலிலிருந்து இல்லை. நம்ம ஊரிலும் இதே கதைதான். 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்து தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி ஒரு பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை இன்னொரு பக்கம்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு பட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. டி.எம்.ஏ. என்றால் கச்சேரிகள்தான் பிரதானம், கூடவே ஓர் ஆய்வேடு. பிஎச்.டி. என்றால் ஆய்வேடுதான் எல்லாம். வாசிப்பு உங்கள் சொந்த நேரத்தில். கார்னெல் பல்கலைக்கழகம், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் போன்ற இடங்களில் பழங்கால வாசிப்புமுறையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் டி.எம்.ஏ. உண்டு. அங்கே பழைய பியானோவின் மெல்லிய ஓசையே ஒரு ஆதாரம். ஆனால் எல்லா டி.எம்.ஏ.வும் அப்படி இல்லை. பல இடங்களில் ஆய்வேடு என்பது கச்சேரிக்கு எழுதின நீளமான அறிமுக உரை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1960-ல் மேன்டில் ஹூட் 'இரட்டை இசைத்திறன்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு இசையை ஆராய்கிறவர் அதை வாசிக்கவும் கத்துக்கணும் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அது யாரை நோக்கிப் பேசுகிறது என்று கவனியுங்கள். ஆய்வாளர் கொஞ்சம் வாசிக்கக் கற்றால் ஆய்வு மேம்படும் என்கிறது. வாசிக்கிறவர் ஆய்வாளராகலாம் என்பது அதன் மையமில்லை. வாசிப்பு அங்கே ஆய்வுக்குத் துணை மட்டும்.

அந்தப் பாதையைத் திருப்பிப் போட்டவர்கள் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். வீணை தனம்மாளின் பேரன்மார் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் அங்கே மிருதங்கமும் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்தார்கள். விஸ்வநாதன் அங்கேயே ராக ஆலாபனை பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டமும் வாங்கினார். அவரிடம் பாட்டுக் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் பரதநாட்டிய இசையைப் பற்றி ஆய்வு செய்தார்; இங்கே ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே கூப்பிட்டார்கள். ஆலாபனையை ஆண்டுக்கணக்கில் வாசித்த ஒருவர் அதைப் பற்றி எழுதும்போது, அடுத்த சுரத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கும் இடமும் அவருக்கு ஆய்வுத் தரவு. ஏட்டை மட்டும் படித்தவருக்கு அந்தத் தயக்கம் கண்ணில் படாது.

எதிர்வாதமும் இருக்கு. பியானோ மேதை சார்ல்ஸ் ரோஸன் பிரின்ஸ்டனில் வாங்கிய முனைவர் பட்டம் பிரெஞ்சு இலக்கியத்தில். ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் பற்றி 1971-ல் வந்த அவருடைய நூல் இன்றைக்கும் பாடப்புத்தகம் மாதிரி. அப்போ சேர்ந்த பட்டம் எதற்கு? கேள்வி நியாயம்தான். ஆனால் ரோஸன் சிறுவயதிலேயே பெரிய ஆசிரியரிடம் பியானோ கற்றவர். அந்த அடித்தளத்தை இருபத்தி நாலு வயதில் தேடி வருகிறவருக்கு அவரை உதாரணம் காட்டுவது சரியில்லை.

ஆகவே படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். அங்கே சமீபத்தில் முடித்த நாலு ஆய்வேடுகளை எடுத்துப் படியுங்கள். எழுதினவர் வாத்தியம் வாசிக்காதவராக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறாது என்றால் அங்கே ரெண்டும் சேரவில்லை, ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன, அவ்வளவே. அடுத்து, வாத்திய ஆசிரியருக்கு ஆய்வேட்டுக் குழுவில் இடமும் கையெழுத்தும் உண்டா என்று கேளுங்கள். வாரம் ஒரு மணிநேர வகுப்பு மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர் என்றால், அந்தத் துறை வாசிப்பை எவ்வளவு மதிக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே படிக்கிற மாணவர்களிடம், போன வாரம் எத்தனை மணிநேரம் சாதகம் பண்ணினீர்கள் என்றும் கேளுங்கள். விளம்பரத்தாளில் இல்லாத பதில் அங்கேதான் வரும்.

பணம் கடைசியாகப் பேசவேண்டிய விஷயமில்லை. அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். முதுகலைக்குப் பல இடங்களில் கைக்காசுதான். படித்து முடித்த பிறகும் வேலை விளம்பரங்கள் வாசிப்பு ஆசிரியர், இசையியல் ஆசிரியர் என்று தனித்தனியாகத்தான் வருகின்றன. ரெண்டு தகுதியையும் அரைகுறையாக வைத்திருப்பவர் ரெண்டு வரிசையிலும் பின்னால் நிற்பார்.

கை பக்குவப்படுகிற வருஷங்களும் ஆய்வுக் கேள்வி பக்குவப்படுகிற வருஷங்களும் ஒன்றாகத்தான் வருகின்றன. அந்த நாலைந்து வருஷத்தை ஒரு துறையிடம் ஒப்படைக்கும்போது, வாத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.